எதிராளி எஞ்சின் பார்த்து விளையாடுகிறாரா? இணையச் சதுரங்கத்தில் சந்தேகம் எழுந்தால் செய்ய வேண்டியவை

2020ஆம் ஆண்டு பெருந்தொற்றினால் பாடசாலைகள் மூடப்பட்ட மாதங்களில், வட இலங்கையின் வன்னிப் பகுதியில் பல வீடுகளில் சதுரங்கப் பலகை அலுமாரிக்குள் போய், ஆட்டம் கைபேசிக்குள் வந்தது. பாடசாலைகள் திறந்த பின்னரும் அது அங்கேயே தங்கிவிட்டது. மாங்குளத்தில் இருக்கும் பிள்ளை மல்லாவிக்கோ விசுவமடுவுக்கோ பஸ் ஏறாமல், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு போட்டியில் கலந்துகொள்ள முடிவது சிறிய நன்மையல்ல. ஆனால் அந்த நன்மையோடு, பயிற்றுவிப்போரின் காதில் கிழமைதோறும் விழும் ஒரு முறைப்பாடும் சேர்ந்தே வந்தது: "சேர், அவன் அளாப்புறான். எஞ்சின் பாத்துத்தான் விளையாடுறான்."

அளாப்புவது என்றால் ஏமாற்றுவது; எஞ்சின் என்பது சிறந்த நகர்த்தலைக் கணித்துச் சொல்லும் சதுரங்கக் கணினி நிரல். இந்த முறைப்பாடு சில வேளைகளில் உண்மையாக இருக்கும். நான் பார்த்த அளவில், பெரும்பாலான வேளைகளில் அது தோல்வியின் சூட்டில் பிறந்த ஊகமாகவே இருக்கும். இரண்டில் எது என்பதை முறைப்பாடு வரும் அந்த இரவிலேயே யாராலும் தீர்மானிக்க முடியாது என்பதால், எந்த வரிசையில் எவற்றைப் பார்ப்பது, எப்போது யாரிடம் சொல்வது, எப்போது வாயைத் திறக்காமல் இருப்பது என்பவற்றை விளையாடுபவர்களுக்கும் பெற்றோருக்கும் கிராம மட்டத்தில் போட்டி நடத்துபவர்களுக்கும் பயன்படும் வகையில் இங்கே எழுதுகிறேன்.

ஏமாற்றுவது எவ்வளவு எளிது

1997இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் டீப் புளூ, அன்றைய உலக சம்பியன் கரி கஸ்பரோவை ஆறு ஆட்டங்கள் கொண்ட தொடரில் மூன்றரைக்கு இரண்டரை என்ற புள்ளிகளில் வென்றது. அதற்கென்றே சிறப்பாகக் கட்டப்பட்ட இயந்திரம் அது. இன்று ஸ்டொக்ஃபிஷ் என்ற இலவச எஞ்சின் மலிவான கைபேசியொன்றில் இயங்கும்போதே எந்த மனிதரையும் விட வலுவாக விளையாடுகிறது. ஆட்டப் பலத்தைக் காட்டும் எண்ணான ரேட்டிங்கில் மனிதர் எட்டிய அதியுயரான 2882ஐ 2014 மே மாதத்தில் தொட்ட மக்னஸ் கார்ல்சனும் அதற்கு ஈடாக முடியாது. ஆகவே ஏமாற்ற நினைப்பவருக்குத் தேவைப்படுவது அறிவோ பணமோ அல்ல, பக்கத்தில் இன்னொரு கைபேசி மட்டுமே.

பிள்ளைகள்தான் இப்படிச் செய்வார்கள் என்று எண்ணுவதும் தவறு. 2021 ஜூனில் பெருந்தொற்று நிவாரணத்துக்கு நிதி திரட்ட விஸ்வநாதன் ஆனந்த் பல பிரமுகர்களுடன் இணையத்தில் ஒரே நேரத்தில் விளையாடியபோது, அவரை வென்ற தொழிலதிபர் நிகில் காமத், கணினியின் உதவியையும் வேறு ஆட்களின் உதவியையும் பெற்றதாக மறுநாளே ஒப்புக்கொண்டார். பரிசுப் பணமே இல்லாத ஆட்டம் அது. வளர்ந்த, வசதியுள்ள ஒருவருக்கே அந்தச் சபலம் வருமென்றால், வகுப்பு நண்பர்கள் பார்த்துக்கொண்டிருக்கும் போட்டியில் பதினொரு வயதுப் பிள்ளைக்கு வருவதைக் கண்டு நாம் அதிர்ச்சியடைய வேண்டியதில்லை.

ஆட்டம் முடிந்த அந்த இரவு

முதற் படி, ஒன்றும் எழுதாமல் இருப்பது. எதிராளியின் அரட்டைப் பெட்டியிலோ, கழகத்தின் வட்ஸ்அப் குழுவிலோ, முகநூலிலோ பெயரைக் குறிப்பிட்டோ குறிப்பால் உணர்த்தியோ எதையும் இடக்கூடாது. இணையத்தில் சதுரங்கம் விளையாடப் பயன்படும் லிசெஸ், செஸ்.கொம் ஆகிய இரண்டு தளங்களுமே பகிரங்கமாக ஒருவரைக் குற்றஞ்சாட்டுவதைத் தடைசெய்துள்ளன. எதிராளி உண்மையிலேயே ஏமாற்றியிருந்தாலும், அதைப் பொதுவில் எழுதியவர் விதிமீறியவராகிவிடுவார். அத்துடன், எங்கள் ஊர்களில் ஒரு பிள்ளையின் கணக்குப் பெயர் யாருடையது என்பது எல்லோருக்கும் தெரியும். வட்ஸ்அப்பில் இரவு விழுந்த ஒரு வரி விடிவதற்குள் அந்தப் பிள்ளையின் பாடசாலைக்கும், கோவில் வீதிக்கும், வெளிநாட்டில் இருக்கும் மாமாவுக்கும் போய்விடும். பின்னர் அது பிழையென்று தெரிந்தாலும், மறுப்புச் செய்தி அவ்வளவு தூரம் பயணிப்பதில்லை.

ஆட்டத்தின் இணைப்பை மட்டும் பிரதிசெய்து வைத்துக்கொண்டு கைபேசியை வைத்துவிடுங்கள். மிச்சம் நாளைக்கு.

மறுநாள்: உங்கள் பிழையைத் தேடுங்கள்

இரண்டாவது படி பலருக்குக் கசக்கும். எதிராளியின் நகர்த்தல்களைப் பார்க்கும் முன், உங்கள் நகர்த்தல்களைப் பார்க்க வேண்டும். லிசெஸில் கணினிப் பகுப்பாய்வு இலவசம், செஸ்.கொம்மில் இலவசக் கணக்குகளுக்கு அது மட்டுப்படுத்தப்பட்டிருக்கும். பகுப்பாய்வு வரைபடத்தில் கோடு எந்த இடத்தில் சரிந்து விழுகிறது என்று பாருங்கள். பன்னிரண்டாவது நகர்த்தலில் உங்கள் குதிரை காவலின்றி நின்று வெட்டுப்பட்டிருந்தால், அதன் பின் எதிராளி எவ்வளவு துல்லியமாக விளையாடினார் என்பதற்குப் பெரிய பொருள் இல்லை. ஒரு காய் கூடுதலாக இருப்பவருக்கு நல்ல நகர்த்தல்கள் தாமாகவே கண்ணில் படும். காயை வெட்டினால் திருப்பி வெட்டுவது, மிஞ்சிய காய்களை மாற்றிக்கொள்வது, சிப்பாயை முன்னே தள்ளுவது என்று ஆட்டம் நேரான பாதையில் போகும்.

இங்கேதான் துல்லியச் சதவீதம் என்ற எண் பலரை வழிதவறச் செய்கிறது. ஒவ்வொரு நகர்த்தலிலும் எஞ்சினின் சிறந்த தெரிவோடு ஒப்பிடும்போது விளையாடியவர் எவ்வளவு வாய்ப்பை இழந்தார் என்பதைக் கணித்துத் தளங்கள் அந்த எண்ணைத் தருகின்றன. ஆட்டத்தின் தொடக்கமான திறப்பில் மனப்பாடமாக வரும் எட்டுப் பத்து நகர்த்தல்களும், வேறு வழியே இல்லாமல் செய்யப்பட்ட நகர்த்தல்களும் அதற்குள் அடங்கும். மனப்பாடம் செய்த ஒரு பொறியில் எதிராளியை விழுத்தி, பதினைந்து நகர்த்தல்களுக்குள் ராஜாவுக்குத் தப்ப வழியில்லாமல் மாட் வைத்த பிள்ளைக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் துல்லியம் காட்டுவதில் வியப்பொன்றுமில்லை. இருவரும் சமநிலையில், சிக்கலான நடு ஆட்டத்தில், நாற்பது ஐம்பது நகர்த்தல்கள் வரை போராடிய ஆட்டத்தில் அதே எண் வந்தால்தான் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார வேண்டும். அப்போதும் கொஞ்சம்தான்.

ஒரு ஆட்டம் போதாது

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சமையலுக்குப் பொருந்தும், சதுரங்கத்துக்குப் பொருந்தாது. மூன்றாவது படியாக, எதிராளியின் பொதுக் கணக்குப் பக்கத்துக்குப் போய், அதே நேரக் கட்டுப்பாட்டில் (ஆட்டத்துக்கு ஒவ்வொருவருக்கும் தரப்படும் நேரம்) அவர் விளையாடிய அண்மைய ஆட்டங்களில் குறைந்தது இருபது முப்பதை, வென்றவை தோற்றவை என்று பிரிக்காமல் வரிசையாக எடுத்துப் பார்க்க வேண்டும். வென்றவற்றை மட்டும் பொறுக்கி எடுத்தால் எவரும் கள்ளனாகத் தெரிவார்.

தெரிவு செய்யப்பட்ட எண்கள் எவ்வாறு ஏமாற்றும் என்பதற்கு 2023 நவம்பரில் நடந்தது நல்ல உதாரணம். அமெரிக்க கிராண்ட்மாஸ்டர் ஹிகாரு நகமுரா இணையத்தில் தொடர்ச்சியாக விளையாடிய 46 விரைவாட்டங்களில் 45.5 புள்ளிகள் பெற்றிருந்ததை, முன்னாள் உலக சம்பியன் விளாடிமிர் கிராம்னிக் சந்தேகத்துக்குரியதாகச் சுட்டினார். செஸ்.கொம் ஆராய்ந்துவிட்டு, ஏமாற்றியதற்கான சான்று ஏதும் இல்லையென்றும், பல்லாயிரம் ஆட்டங்கள் விளையாடும் ஒருவருக்கு இப்படியான தொடர் வெற்றி எப்போதாவது வந்தே தீரும் என்றும் கூறியது. ஓர் உலக சம்பியனின் கண்ணுக்கே நம்ப முடியாததாகத் தெரிந்தது கணக்கின்படி சாதாரணமாக இருந்தது என்றால், எங்கள் உள்ளுணர்வை எவ்வளவு நம்பலாம் என்பதை நீங்களே எண்ணிக்கொள்ளலாம்.

இன்னொரு கணக்கையும் போட்டுப் பார்க்க வேண்டும். ஆயிரம் பேர் விளையாடுகிறார்கள், அவர்களில் 20 பேர் ஏமாற்றுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். உங்களிடம் ஒரு சோதனை இருக்கிறது. அது அந்த 20 பேரில் 18 பேரைப் பிடிக்கும், நேர்மையானவர்களில் நூற்றுக்கு ஐந்து பேரை மட்டும் தவறாகப் பிடிக்கும். கேட்க நல்ல சோதனையாகவே இருக்கிறது. ஆனால் நேர்மையான 980 பேரில் ஐந்து சதவீதம் 49 பேர். சோதனை விரல் நீட்டும் 67 பேரில் 49 பேர் குற்றமற்றவர்கள். தளங்கள் ஒரு கணக்கை மூடுவதற்கு முன் மிகக் கடுமையான அளவுகோலை வைப்பதும், பஃபலோ பல்கலைக்கழகப் பேராசிரியர் கென்னத் ரீகன் போன்றோர் ஆட்டங்களை ஆராயும்போது தற்செயலுக்கு எவ்வளவு இடம் உண்டு என்பதை முதலில் கணிப்பதும் இதனால்தான்.

நேரத்தைப் பாருங்கள், ஆனால் வன்னியின் சிக்னலையும் பாருங்கள்

என் கணிப்பில், துல்லியச் சதவீதத்தை விட நகர்த்தல்களுக்கு எடுத்த நேரம் அதிகம் பேசும். மனிதர் விளையாடும்போது, வெட்டிய காயைத் திருப்பி வெட்ட ஒரு நொடியும், மூன்று வழிகள் பிரியும் இடத்தில் ஒரு நிமிடமும் எடுப்பார். எஞ்சினைப் பார்த்து விளையாடுபவர், நகர்த்தலை மற்றக் கைபேசியில் பதிந்து, விடையைப் பார்த்து, இங்கே வந்து வைக்க வேண்டும் என்பதால், எளிய நகர்த்தலுக்கும் கடினமான நகர்த்தலுக்கும் ஏறத்தாழ ஒரே அளவு நேரம் எடுப்பதுண்டு. ஒரே ஒரு வழிதான் இருக்கும் இடத்திலும் ஏழெட்டு நொடிகள், பத்து நகர்த்தல் ஆழமான பலியிடலுக்கும் ஏழெட்டு நொடிகள் என்று போனால் அது குறித்துவைக்க வேண்டிய அறிகுறி.

ஆனால் இந்த அறிகுறியை எங்கள் மண்ணில் அப்படியே பயன்படுத்த முடியாது. ஒட்டுசுட்டானிலோ நெடுங்கேணியிலோ வீட்டுக்குள் சிக்னல் இல்லாமல் வேலியோரம் கதிரை போட்டு விளையாடும் பிள்ளையின் ஒவ்வொரு நகர்த்தலும் தாமதித்தே போய்ச் சேரும். இணையத் தாமதத்தை லிசெஸ் ஓரெல்லை வரை ஈடுசெய்தாலும் முழுவதையும் ஈடுசெய்வதில்லை. ஆட்டத்தின் நடுவில் கட்டாரிலிருந்து அப்பா அழைத்தால், அந்த அழைப்பை எடுக்காமல் விட எந்த வீட்டிலும் விடமாட்டார்கள். நாற்பது நொடி அமைதிக்குப் பிறகு ஒரு நல்ல நகர்த்தல் வந்தது என்பதற்கு அதைவிட வேறு மர்மம் இருக்காது.

நேரத்துக்கு அடுத்ததாக நகர்த்தல்களின் இயல்பைப் பார்க்கலாம். ராணி கூடுதலாக இருக்கும் மனிதர் ஆட்டத்தை எளிமையாக்குவார். எஞ்சினுக்கு எளிமை என்ற எண்ணமே இல்லை. பதினொரு நகர்த்தலில் மாட் இருந்தால், காய்களைப் பரிமாறும் பாதுகாப்பான வழியை விட்டு அந்தச் சிக்கலான வழியிலேயே போகும். இப்படியானவை பல ஆட்டங்களில் திரும்பத் திரும்ப வந்தால் மட்டுமே கணக்கில் எடுக்கலாம். முக்கியமான இரண்டு மூன்று இடங்களில் மட்டும் எஞ்சினைப் பார்த்து, மற்றவற்றைத் தானாக விளையாடும் கெட்டிக்காரரை நீங்களும் நானும் ஆட்டத்தைப் பார்த்துப் பிடிக்கவே முடியாது என்பதையும் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

கணக்கின் வரலாறு

ரேட்டிங் திடீரென்று ஏறியிருப்பது சந்தேகத்தை வளர்க்கும் இன்னொரு காரணம். லிசெஸில் புதிய கணக்கு 1500இல் தொடங்கி, முதற் சில ஆட்டங்களில் பெரும் ஏற்ற இறக்கங்களைக் காணும். அந்த நிலையில் எண்ணுக்குப் பக்கத்தில் கேள்விக்குறி நிற்கும். கேள்விக்குறி இருக்கும்வரை அந்த எண்ணை ஒருவரின் பலமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. லிசெஸ் ரேட்டிங்கையும் செஸ்.கொம் ரேட்டிங்கையும் ஒப்பிடுவதும் வீண். தொடக்க, இடை நிலை ஆட்டக்காரருக்கு முன்னையது பொதுவாக உயர்ந்தே இருக்கும். பலகையில் பல ஆண்டுகள் விளையாடிவிட்டு இணையத்துக்குப் புதிதாக வரும் ஆசிரியர் ஒருவர் ஒரே கிழமையில் நானூறு புள்ளி ஏறினால், அவர் தன் இடத்துக்குப் போய்ச் சேருகிறார், அவ்வளவுதான்.

வன்னியில் இதைவிடப் பொதுவான காரணம் ஒன்று உண்டு: வீட்டில் ஒரே கைபேசி, அதில் ஒரே கணக்கு. பகலில் தம்பி விளையாடித் தோற்பார். இரவில் கம்பஸ் விடுமுறையில் வந்த அண்ணா விளையாடி வெல்வார். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது எஞ்சினை இடையிடையே பயன்படுத்தும் கணக்குப் போலவே தெரியும். ஒரு கணக்கை ஒருவர்தான் பயன்படுத்த வேண்டும் என்பதால் இதுவும் விதிமீறல்தான். ஆனால் அதைத் திருத்த அண்ணாவுக்கு இன்னொரு இலவசக் கணக்குத் திறந்து கொடுத்தால் போதும்.

முறைப்பாடு செய்வது

இவ்வளவும் பார்த்த பின்னும் சந்தேகம் நிலைத்தால், தளத்திடம் முறைப்பாடு செய்யுங்கள். இரண்டு தளங்களிலும் எதிராளியின் பக்கத்தில் அதற்கான பொத்தான் உண்டு. ஏமாற்று என்ற காரணத்தைத் தெரிவுசெய்து, ஆட்டங்களின் இணைப்புகளைக் கொடுத்து, நீங்கள் கண்டதை இரண்டு மூன்று வரிகளில் எழுதினால் போதும்: "இந்த நான்கு ஆட்டங்களில் எல்லா நகர்த்தல்களுக்கும் ஐந்து முதல் எட்டு நொடி, கட்டாய நகர்த்தல்களுக்கும் அதே நேரம்" என்பது பயனுள்ள முறைப்பாடு. "இவன் கள்ளன், உடனே தடைசெய்யுங்கள்" என்பது ஒருவருக்கும் உதவாது. ஒரே ஆளைப் பற்றிக் கழகத்தில் இருக்கும் பத்துப் பேரையும் முறைப்பாடு செய்யச் சொல்வதால் ஆராய்ச்சி விரைவதில்லை.

பெரும்பாலும் விரிவான பதில் வராது. கணக்கு மூடப்பட்டால், அல்லது லிசெஸில் விதிமீறல் குறி இடப்பட்டால், அதனிடம் இழந்த ரேட்டிங் புள்ளிகள் உங்களுக்குத் திரும்பக் கிடைக்கக்கூடும். ஒன்றும் நடக்காவிட்டால், உங்களிடம் இல்லாத தரவுகளை வைத்திருப்பவர்கள் பார்த்துவிட்டு நடவடிக்கைக்குப் போதாது என்று முடிவெடுத்திருக்கலாம். விரும்பாவிட்டால் அவரைத் தடுப்புப் பட்டியலில் சேர்த்துவிட்டு அடுத்த ஆட்டத்துக்குப் போங்கள்.

தளம் முடிவெடுத்த பின்னும் கூட்டம் அடங்காது என்பதை 2021 மார்ச்சில் இந்தோனேசியாவில் கண்டோம். தேவா கிபாஸ் என்ற கணக்கில் விளையாடிய முதியவர் ஒருவர், புகழ்பெற்ற சதுரங்க ஒளிபரப்பாளர் லெவி ரோஸ்மனை வென்றார்; கணக்கு மூடப்பட்டது; ரோஸ்மன் மீது ஆயிரக்கணக்கானோர் வசைமாரி பொழிந்தனர். பின்னர் அந்த முதியவர் பெண் கிராண்ட்மாஸ்டர் ஐரீன் சுகந்தரை நேரில் எதிர்கொண்டு மூன்று ஆட்டங்களிலும் தோற்றார். அவர் பலகைக்கு முன் உட்கார்ந்த பின்னரே சத்தம் தணிந்தது.

பிள்ளை நம்முடையதாக இருந்தால்

சந்தேகிக்கப்படும் பிள்ளையும் சந்தேகிக்கும் பிள்ளையும் ஒரே பயிற்சி வகுப்பில் இருந்தால், பயிற்றுவிப்பவருக்குத் தளத்திடம் இல்லாத ஒரு கருவி இருக்கிறது. பிள்ளையைப் பக்கத்தில் இருத்தி, ஆட்டத்தைப் பலகையில் திரும்ப வைத்து, ஏன் என்று கேட்கலாம். விசாரணைபோல அல்ல, வழமையான பாடம்போல. வேறு பிள்ளைகளின் ஆட்டங்களுக்கு நடுவில்.

பரந்தன் பக்கத்துச் சனசமூக நிலையமொன்றில் பதின்மூன்று வயது மாணவி ஒருத்தியின் ஆட்டத்தை இவ்வாறு பார்த்தோம். ராஜாவுக்கு முன்னிருந்த சிப்பாயை அவள் குதிரையால் வெட்டியிருந்தாள். எஞ்சினும் அதையே முதலாவதாகக் காட்டியது. தோற்ற பையன் அதைத்தான் சான்றாகச் சொன்னான். "ஏன் பிள்ளை குதிரையைக் குடுத்தனி?" என்று கேட்டபோது, "ராஜா வெட்ட வெளியில வரும் சேர், பிறகு ராணியால செக் குடுக்கலாம்" என்றாள். ராஜா வெட்டாமல் விலகினால் என்ன செய்வாய் என்று கேட்டதற்கு, விழித்துவிட்டுச் சிரித்தாள். அதை அவள் எண்ணவே இல்லை. சரியான நகர்த்தலுக்குப் பாதி சரியான காரணம் இருப்பது மனித மூளையின் கையெழுத்து. மாறாக, ஆட்டத்தின் மிக நுட்பமான நகர்த்தல்களுக்கு எந்தக் காரணமும் சொல்ல முடியாமல், எளிய நகர்த்தல்களுக்கு மட்டும் விளக்கம் தரும் பிள்ளையிடம் தனியே, பெற்றோரில் ஒருவரை வைத்துக்கொண்டு, அமைதியாகப் பேச வேண்டியிருக்கும். கூச்ச சுபாவமுள்ள பிள்ளை காரணம் தெரிந்தும் வாய் திறக்காது என்பதால், ஒரே நாளில் இதை முடிக்க நினைக்கக் கூடாது.

உங்கள் பிள்ளை மீது குற்றஞ்சாட்டப்பட்டால், குழுவில் போய்ச் சண்டை பிடிக்காதீர்கள். பலகையில், எல்லோர் முன்னும், சில ஆட்டங்கள் விளையாடப் பிள்ளைக்கு விருப்பமா என்று கேளுங்கள், கட்டாயப்படுத்தாதீர்கள். பயத்தோடு விளையாடும் ஆட்டம் அதன் உண்மையான பலத்தைக் காட்டாது.

போட்டி நடத்துவோருக்கு

கிராம மட்டப் போட்டிகளில் எழும் சிக்கல்களில் பாதி, விதிகளை முன்கூட்டியே எழுதாததால் வருகிறது. பதிவுப் படிவத்திலேயே கணக்குப் பெயர், ஒருவருக்கு ஒரு கணக்கு, ஆட்டம் நடக்கும்போது ஆளிடமோ கருவியிடமோ உதவி பெறக் கூடாது என்பவை இருக்க வேண்டும். பெற்றோர் கையொப்பமிட வேண்டும். ஒருவருக்கு மூன்று நிமிடமும், ஒவ்வொரு நகர்த்தலுக்கும் கூடுதலாக இரண்டு நொடியும் போன்ற குறுகிய நேரக் கட்டுப்பாடு எஞ்சினைப் பார்ப்பதைக் கடினமாக்கும், ஆனால் சிக்னல் குறைந்த பிள்ளையைத் தண்டிக்கும். பத்து நிமிட ஆட்டம் நேர்மாறு. நான் பத்து நிமிடத்தையே தெரிவுசெய்வேன், ஏனெனில் இணையச் சுற்றை வெறும் தெரிவுச் சுற்றாக வைத்து, முதல் எட்டுப் பேரைக் கிளிநொச்சிக்கோ முல்லைத்தீவுக்கோ அழைத்துப் பலகையில் இறுதிச் சுற்றை நடத்திவிட்டால், இணையத்தில் ஏமாற்றி வந்தவருக்கு அங்கே கிடைப்பது எட்டாம் இடம் மட்டுமே. பரிசுகளை இறுதிச் சுற்றுக்கு மட்டும் கொடுங்கள். பலகைச் சுற்றிலும் கைபேசிகளை வாயிலில் வாங்கி வையுங்கள். 2019இல் கிராண்ட்மாஸ்டர் இகோர்ஸ் ரௌசிஸ் போட்டியின் நடுவே கழிப்பறையில் கைபேசியோடு பிடிபட்டுப் பட்டத்தை இழந்தார்.

இரண்டாவது கமராவை வைத்துப் பக்கவாட்டில் ஒளிபரப்பச் சொல்வது கொழும்புப் போட்டிகளுக்குச் சரிவரலாம். ஒரே கைபேசியும் நாளொன்றுக்கு எண்ணிச் செலவழிக்கும் டேட்டாவும் உள்ள வீட்டில் அதைக் கேட்பது, வறிய பிள்ளையை வாயிலிலேயே நிறுத்துவதாகும். அதற்குப் பதில், பாடசாலைக் கணினி அறையிலோ சனசமூக நிலையத்திலோ பிள்ளைகளைக் கூட்டி, ஒரு பெரியவர் மேற்பார்வையில் விளையாட விடலாம்.

மின்வெட்டுக்கும் இணைப்புத் துண்டிப்புக்கும் விதி எழுதுங்கள். 2020 ஓகஸ்டில் நடந்த இணைய ஒலிம்பியாட் இறுதியில் இந்திய வீரர் இருவரின் இணைப்பு அறுந்தபோது, உலக சதுரங்கச் சம்மேளனமான ஃபிடே இந்தியாவையும் ரஷ்யாவையும் இணைச் சம்பியன்களாக அறிவிக்க வேண்டியதாயிற்று. உலக மட்டத்திலேயே அப்படி என்றால், எங்கள் போட்டியில் அது நடந்தே தீரும். ஒரு முறை துண்டிக்கப்பட்டால் அதே நிலையிலிருந்து மீண்டும் விளையாடுவதா, தோல்வியா என்பதை முதலாம் சுற்றுக்கு முன் சொல்லிவிடுங்கள்.

ஏமாற்று முறைப்பாடுகளைத் தீர்க்க மூன்று பேர் கொண்ட குழு போதும். முறைப்பாட்டில் தொடர்புடைய பிள்ளையின் உறவினரோ பயிற்றுவிப்பவரோ அதில் இருக்கக் கூடாது. முடிவு முதலில் பெற்றோருக்குத் தனியே சொல்லப்பட வேண்டும். புள்ளிப் பட்டியலில் அந்த ஆட்டங்களின் முடிவை மாற்றினால் போதும், காரணத்தை அறிவிக்க வேண்டியதில்லை. பிள்ளை ஒப்புக்கொண்டால் அந்தப் போட்டியிலிருந்து விலக்கி, அடுத்த பலகைப் போட்டிக்குப் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள். தளம் கணக்கை மூடியிருந்து, பிள்ளை இணையத்தில் மீண்டும் விளையாட விரும்பினால், தளத்தின் முறையீட்டு வழியாக எழுதி, அனுமதி கிடைத்த பின்னரே புதிய கணக்குத் திறக்க வேண்டும். அந்தக் கணக்குப் பெயரைப் பயிற்றுவிப்பவரிடம் கொடுத்து வைப்பது, அடுத்த முறை வேறொருவர் சந்தேகம் கிளப்பும்போது பிள்ளைக்கே உதவும்.